நீலத் திரையும் வராத வைஃபையும்

"லினக்ஸ் போட்டால் வைரஸ் வராது." "வாஸ்தவம்தான், வைஃபையும் வராது."

கம்ப்யூட்டர் படிக்கும் பசங்களிடம் ரொம்ப நாளாகச் சுற்றி வரும் ஜோக் இது. சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் மறுநாள் காலை 10 மணிக்கு ஆன்லைன் டெஸ்ட் இருக்கும்போது, முந்தின நாள் ராத்திரி பத்தரைக்கு வைஃபை வராத லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்கு இந்த ஜோக் அவ்வளவாகப் பிடிக்காது. இது அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மூன்றாம் வருஷ இன்ஜினியரிங் மாணவனின் கதை. கதையோடு கதையாக, லினக்ஸில் வைஃபை வரவில்லையென்றால் எங்கே தேட வேண்டும் என்பதையும் பார்த்துவிடலாம்.

லேப்டாப் அவனுடையது அல்ல, அக்காவுடையது. 2015-ல் அக்கா காலேஜ் சேர்ந்தபோது அப்பா தவணையில் வாங்கிக் கொடுத்தது. ஐந்தாம் தலைமுறை ஐ3 சிப், 4 ஜிபி ரேம். அக்கா படித்து முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகிப் போனபோது, "நல்லா வச்சுக்கோடா" என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். கீல் ஒரு பக்கம் கொஞ்சம் லூஸ், பேட்டரி முக்கால் மணி நேரம்தான். மற்றபடி குறை சொல்ல முடியாது.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு நின்றுபோனது. விண்டோஸ் 11 போடலாமென்றால் அது டிபிஎம் 2.0 கேட்கிறது, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல் கேட்கிறது. அக்காவின் ஐந்தாம் தலைமுறை லேப்டாப்பை வாசலிலேயே நிறுத்திவிட்டது. புதுசு வாங்க வீட்டில் காசு இல்லை. இருக்கிறதா என்று கேட்கவும் அவனுக்கு மனசு வரவில்லை. ஆக மிச்சமிருந்த ஒரே வழி லினக்ஸ் மின்ட்.

அதையும் நல்ல நேரம் பார்த்துத்தான் ஆரம்பித்தான்! ஞாயிற்றுக்கிழமை காலை டெஸ்ட். சனிக்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு பென்டிரைவைச் சொருகினான். விண்டோஸ் ரொம்ப மெதுவாக இருக்கிறது, டெஸ்ட் நடுவில் தொங்கிவிடும் என்ற பயம்தான் காரணம். "நாளைக்குப் பரீட்சையை வச்சுக்கிட்டு இன்னிக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்கிறான்" என்று அம்மா சொன்னது அப்போது காதில் விழவில்லை.

மின்ட் அரை மணி நேரத்தில் ஏறிவிட்டது. சத்தம் வருகிறது, கேமரா வருகிறது, தமிழ் எழுத்து அழகாகத் தெரிகிறது. வைஃபை மட்டும் இல்லை. "இணைக்க முடியவில்லை" என்றுகூட இல்லை. வைஃபை என்ற ஒன்றே இந்த உலகத்தில் இல்லாத மாதிரி மெனு மொட்டையாக இருந்தது.

வீட்டில் பிராட்பேண்ட் கிடையாது. எல்லாம் போன் ஹாட்ஸ்பாட்தான். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் லினக்ஸ் அதை ஒரு வயர்டு கனெக்‌ஷனாக எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் தனியாக டிரைவர் எதுவும் வேண்டாம். மாட்டினான், வந்தது. அப்படியென்றால் டெஸ்ட்டையும் கேபிளிலேயே எழுதிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். அங்கேதான் வில்லன். போனின் சார்ஜிங் போர்ட் ஆடிப்போயிருந்தது. ஒரு குறிப்பிட்ட கோணத்தில், மூச்சு விடாமல் பிடித்தால்தான் கேபிள் ஒட்டும். தங்கச்சி போனைப் பச்சைக் குழந்தை மாதிரி மடியில் ஏந்திக்கொண்டு உட்கார்ந்தாள். பத்து நிமிஷத்துக்கு அது சரி. ஒன்றரை மணி நேர டெஸ்ட்டுக்கு, அதுவும் கேமராவில் வேறு யாரும் தெரியக்கூடாது என்கிற டெஸ்ட்டுக்கு, தங்கச்சியை நம்ப முடியாது.

அந்தப் பத்து நிமிஷத்தில் மின்ட்டின் டிரைவர் மேனேஜரைத் திறந்தான். அது வைஃபை கார்டுக்கு ஒரு டிரைவரைக் காட்டியது. இன்ஸ்டால் கொடுத்தான். நடுவில் ஒரு பாஸ்வேர்டு உருவாக்கச் சொன்னது. எதையோ அடித்தான். ரீஸ்டார்ட் கேட்டது, செய்தான். ஆனாலும் வைஃபை வரவில்லை.

அதன்பின் அவன் செய்ததுதான் நம்மில் பாதிப் பேர் செய்வது. மறுபடி முதலிலிருந்து இன்ஸ்டால் செய்தான். வரவில்லை. மூன்றாவது தடவையும் செய்தான். ஒவ்வொரு தடவையும் அதே படிகள், அதே முடிவு. மணி பத்தரை. தங்கச்சி தூங்கிவிழ ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் அம்மாவின் பட்டன் போனிலிருந்து காலேஜ் சீனியர் ஒருவரைக் கூப்பிட்டான்.

"அண்ணா, சாரிண்ணா, இந்த நேரத்துல..."

"பரவாயில்லடா, முழிச்சுத்தான் இருக்கேன். என்ன ஆச்சு?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினான். சீனியர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "மொதல்ல அந்த பென்டிரைவைக் கழட்டித் தூர வை. இனிமே எதையும் மாத்தாத. மெஷின்கிட்ட கேள்வி மட்டும் கேட்போம். அது பதில் சொல்லும்."

லினக்ஸ் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான விஷயம் இந்த ஒரு வாக்கியத்திலேயே இருக்கிறது. விண்டோஸில் பழகியவர்களுக்கு ரீஸ்டார்ட், ரீஇன்ஸ்டால் இரண்டும் சர்வரோக நிவாரணி. லினக்ஸிலோ என்ன கோளாறு என்பதை மெஷின் எங்காவது எழுதி வைத்திருக்கும். கேட்கத் தெரிந்தால் போதும்.

முதல் கேள்வி: சுவிட்ச் போட்டிருக்கிறதா?

டெர்மினலைத் திறந்து "ஆர்எஃப்கில் லிஸ்ட்" என்று அடிக்கச் சொன்னார். ஆர்எஃப் என்றால் ரேடியோ அலைவரிசை, கில் என்றால் கொல்வது. லேப்டாப்பில் வைஃபை, ப்ளூடூத் போன்ற ரேடியோக்களை நிறுத்தும் ஏற்பாட்டுக்குப் பெயர் இது. இரண்டு வரி காட்டும். "சாஃப்ட் பிளாக்டு" என்ற இடத்தில் "எஸ்" என்றிருந்தால் மென்பொருள் நிறுத்தி வைத்திருக்கிறது; "ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை" என்று அடித்தால் தீர்ந்தது. "ஹார்டு பிளாக்டு" எஸ் என்றால் வன்பொருள் பக்கத்திலிருந்தே தடை. பக்கவாட்டில் உள்ள சின்ன ஸ்லைடர், அல்லது எஃப்என் கீயோடு சேர்த்து அழுத்தும் விமானப் படம் போட்ட பட்டன், இவைதான் வழக்கமான குற்றவாளிகள். எத்தனையோ பேர் நாள் கணக்கில் டிரைவர் தேடிவிட்டு, கடைசியில் அந்த ஸ்லைடரைத் தள்ளிவிட்டு அசடு வழிந்திருக்கிறார்கள்.

இவன் லேப்டாப்பில் ப்ளூடூத் மட்டும் வந்தது. வைஃபை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

"சரி, அப்ப சுவிட்ச் பிரச்சினை இல்ல. ஒரு படி கீழ போவோம்."

இரண்டாவது கேள்வி: கார்டு கண்ணுக்குத் தெரிகிறதா?

"எல், எஸ், பி, சி, ஐ. ஒரு இடைவெளி. மைனஸ். என், என், கே. எல்லாம் சின்ன எழுத்து" என்று போனில் எழுத்து எழுத்தாகச் சொன்னார். மதர்போர்டின் பிசிஐ பாதையில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று இந்தக் கட்டளை பட்டியல் போடும். யுஎஸ்பியில் சொருகும் வைஃபை டாங்கிள் என்றால் "எல்எஸ்யுஎஸ்பி". ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, மறுபடி நான்கு எழுத்து. முதல் பாதி தயாரித்தவர், மறுபாதி மாடல். லினக்ஸில் வைஃபை கார்டைத் தேடும்போது லேப்டாப் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடுவதால் பயனில்லை. ஒரே மாடல் லேப்டாப்பில் இரண்டு விதமான வைஃபை கார்டு போட்டு விற்பது சகஜம். இந்த எட்டு எழுத்துதான் அதன் உண்மையான ஜாதகம்.

கார்டு பட்டியலில் இருந்தது. "அதுக்குக் கீழ 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒரு வரி இருக்கா?"

"இல்லண்ணா."

"அப்ப கார்டு உயிரோட இருக்கு. அதை ஓட்ட ஆள் இல்ல."

இந்த இடத்தில் கதையை ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, லினக்ஸுக்கும் வைஃபைக்கும் உள்ள பழைய பகையைப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு வைஃபை கார்டு வேலை செய்ய இரண்டு விஷயம் வேண்டும். ஒன்று டிரைவர். இது லினக்ஸ் கெர்னலுக்குள் ஓடுவது. இன்னொன்று ஃபர்ம்வேர். இது கார்டில் உள்ள சின்ன பிராசஸருக்குள் ஓடுவது. பல கார்டுகள் ஃபர்ம்வேரைத் தம்மிடம் வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு தடவை கம்ப்யூட்டரை ஆன் செய்யும்போதும் டிரைவர்தான் அதை ஊட்டிவிட வேண்டும். லினக்ஸில் அந்தக் கோப்புகள் "லிப்" என்ற அடைவுக்குள் "ஃபர்ம்வேர்" என்ற அடைவில் இருக்கும். கோப்பு அங்கே இல்லையென்றால் கெர்னல் பதிவேட்டில் "மைனஸ் 2" என்ற பிழை எண்ணோடு ஒரு வரி விழும். மைனஸ் 2 என்றால் வேறொன்றுமில்லை, "அப்படி ஒரு கோப்பே இல்லை" என்று அர்த்தம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். வைஃபைக்கான 802.11 தரம் 1997-ல் வந்தது. லேப்டாப்பில் வைஃபை பரவலானபோது, சிப் கம்பெனிகள் பலவும் விண்டோஸுக்கு மட்டும் டிரைவர் எழுதிக் கொடுத்துவிட்டு, சிப் எப்படி வேலை செய்கிறது என்ற ஆவணத்தைப் பூட்டி வைத்துக்கொண்டன. லினக்ஸ்காரர்கள் சும்மா இருப்பார்களா? விண்டோஸ் டிரைவரையே லினக்ஸுக்குள் இழுத்து ஓட வைக்கும் என்டிஸ்ராப்பர் என்ற ஒரு ஜுகல்பந்தி வந்தது. பிராட்காம் சிப்புகளுக்கு இன்னும் சுவாரஸ்யமான வேலை நடந்தது. ஒரு குழு அந்த டிரைவரை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் பார்த்து சிப் எப்படி நடந்துகொள்கிறது என்று ஆவணம் எழுதியது. அந்த ஆவணத்தை மட்டும் படித்து இன்னொரு குழு புதிதாக டிரைவர் எழுதியது. திருட்டுப் பட்டம் வரக்கூடாதே, அதற்குத்தான் இந்தப் பிரிவினை. அப்படி வந்த டிரைவர் 2006-ல் கெர்னல் 2.6.17-ல் சேர்ந்தது. ஃபர்ம்வேரை மட்டும் அவர்களால் பகிர முடியாததால், கம்பெனியின் டிரைவர் கோப்பிலிருந்து அதை வெட்டி எடுக்க ஒரு கத்தரிக்கோல் மென்பொருளும் தனியாக எழுதினார்கள்!

2007-ல் கெர்னல் 2.6.22-ல் பல வைஃபை டிரைவர்களுக்குப் பொதுவான ஒரு அடித்தளம் வந்தது. 2008-ல் ஆதிராஸ் நிறுவனம் ஏடிஎச்9கே என்ற திறந்த டிரைவரைக் கொடுத்தது. 2010-ல் பிராட்காமே தன் புது சிப்புகள் சிலவற்றுக்கு மூலநிரலோடு டிரைவர் வெளியிட்டது. டெபியன் குழு 2022-ல் ஓட்டெடுப்பு நடத்தி, திறந்த மூலமல்லாத ஃபர்ம்வேரையும் இன்ஸ்டாலரில் சேர்க்க முடிவெடுத்து, 2023-ல் வந்த டெபியன் 12-ல் சேர்த்தும்விட்டது. ஆக இன்றைக்குப் பெரும்பாலான லேப்டாப்புகளில் லினக்ஸ் போட்டதும் வைஃபை தானாக வந்துவிடும். வராதவை, கெர்னலுக்கு வெளியே தனியாக டிரைவர் கேட்கும் சில சிப்புகள். அக்காவின் லேப்டாப்பில் இருந்தது அதில் ஒன்று. எந்தக் கம்பெனி என்ற விவரம் நமக்கு வேண்டாம்.

சரி, கதைக்கு வருவோம்.

மூன்றாவது கேள்வி: ஓட்டுநர் ஏன் வரவில்லை?

"டிரைவர்தான் இன்ஸ்டால் பண்ணிட்டேனேண்ணா, மூணு தடவை."

"இன்ஸ்டால் ஆகியிருக்கும். உள்ள விட்டாங்களான்னு பாக்கணும். மோட்ப்ரோப்னு போட்டு டிரைவர் பேரை அடி. முன்னால சூடோ சேத்துக்கோ."

அடித்தான். ஒரே ஒரு வரி வந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தான்: "கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்."

போனில் ஒரு சின்ன மௌனம். அப்புறம் சீனியர் கேட்டார்: "டேய், டிரைவர் போட்டு ரீஸ்டார்ட் பண்ணப்ப, நடுவுல நீலக் கலர்ல ஒரு ஸ்கிரீன் வந்துச்சா?"

"ஆமாண்ணா, மூணு தடவையும் வந்துச்சு. ஏதோ எரர்னு நெனச்சு, 'கன்டினியூ பூட்'னு இருந்ததை அழுத்தி வெளிய வந்துட்டேன்."

சீனியர் சிரித்த சிரிப்பில் தங்கச்சி விழித்துக்கொண்டாள்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. விண்டோஸில் வளர்ந்தவனுக்கு நீலத் திரை என்றாலே சாவுச் செய்தி. ஆனால் இந்த நீலத் திரை வேறு. இது செக்யூர் பூட் சம்பந்தப்பட்டது. 2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து லேப்டாப்புகளில் பரவலான ஏற்பாடு. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது, நம்பகமான கையெழுத்து உள்ள மென்பொருளைத்தான் ஓட விடும். ஆபரேட்டிங் சிஸ்டம் எழுவதற்கு முன்பே உள்ளே புகுந்து உட்கார்ந்துகொள்ளும் கிருமிகளைத் தடுக்க இது. கெர்னலுக்குள் ஓடும் டிரைவருக்குச் சகல அதிகாரமும் உண்டு என்பதால், செக்யூர் பூட் போட்டிருந்தால் உபுண்டு, மின்ட் போன்றவை டிரைவரிடமும் கையெழுத்துக் கேட்கும்.

கெர்னலோடு வரும் டிரைவர்களுக்கு அந்தக் கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது. தனியாகப் போடும் டிரைவர் நம் லேப்டாப்பிலேயே தயாராவது. அதற்கு யார் கையெழுத்துப் போடுவது? லேப்டாப்பே ஒரு சாவியை உருவாக்கி, அதை வைத்துக் கையெழுத்துப் போடும். ஆனால் அந்தச் சாவியை நம்பலாம் என்று ஒரு மனிதர், மெஷினின் முன்னால் உட்கார்ந்து, கீபோர்டில் அடித்துச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து ஒரு கிருமி இதைச் செய்துவிட முடியாது. அதற்காகத்தான் அந்த நீலத் திரை. பத்து வினாடிதான் காத்திருக்கும். "ஹாஸ்டலுக்குப் புதுசா ஒருத்தர் வந்திருக்கார், தெரிஞ்சவரா?" என்று வாட்ச்மேன் கேட்பது மாதிரி. இவன் மூன்று தடவையும் பதில் சொல்லாமல் ஓடிவிட்டான். வாட்ச்மேனும் மூன்று தடவையும் ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அந்தச் சாவிக்குப் பெயர் மெஷின் ஓனர் கீ. இயந்திரத்தின் சொந்தக்காரர் சாவி. சுருக்கமாக எம்ஓகே, மோக்.

"செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிடலாமாண்ணா? நெட்ல அப்படித்தான் போட்டிருக்காங்க."

"பண்ணலாம், வேலை செய்யும். ஆனா சாவி இல்லன்னா சாவி செய்யணும்டா, கதவையே கழட்டக் கூடாது."

ஒருமுறை "கன்டினியூ பூட்" கொடுத்துவிட்டால் அந்த விண்ணப்பம் ரத்தாகிவிடும். திரும்பக் கொடுக்க வேண்டும். "மோக்யூடில்", இடைவெளி, இரண்டு மைனஸ், "இம்போர்ட்", அப்புறம் சாவிக் கோப்பு இருக்கும் பாதை. சீனியர் ஸ்லாஷ் ஸ்லாஷாகச் சொல்ல, இவன் அடித்தான். ஒருமுறை மட்டும் பயன்படும் பாஸ்வேர்டு கேட்டது. அக்காவை வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைக் கொடுத்தான். ரீஸ்டார்ட்.

நீலத் திரை வந்தது. இந்தத் தடவை ஓடவில்லை. ஏதோ ஒரு பட்டனைத் தட்டி, "என்ரோல் மோக்", அப்புறம் "கன்டினியூ", அப்புறம் "எஸ்". பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, நிதானமாக அடித்தான். ரீபூட்.

மின்ட் எழுந்தது. வலது கீழ் மூலையில் வைஃபை விசிறி! பக்கத்து வீட்டு கனெக்‌ஷன்கள் வரிசையாக வந்து நின்றன. மணி 11.20. அம்மா டீ போட எழுந்தார்.

ஆனால் அவன் போனின் ஹாட்ஸ்பாட் மட்டும் அந்த வரிசையில் இல்லை.

நான்காவது கேள்வி: இரண்டு பேரும் ஒரே அலைவரிசையில் பேசுகிறார்களா?

வைஃபை இரண்டு வீதிகளில் பரவலாக ஓடுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். பழைய, விலை குறைந்த கார்டுகள் பலவற்றுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். இந்தக் காலத்துப் போன்கள் ஹாட்ஸ்பாட்டை 5-ல் வைத்திருந்தால், அந்தக் கார்டுக்கு அது கண்ணிலேயே படாது. பிழைச் செய்தி எதுவும் வராது. பண்பலை மட்டும் எடுக்கும் ரேடியோவில் சிற்றலை தேடின மாதிரிதான். போன் செட்டிங்கில் 2.4-க்கு மாற்றியதும் பெயர் பட்டியலில் வந்து குதித்தது. அதே இடத்தில் பாதுகாப்பு வகை டபிள்யூபிஏ3 என்று இருந்தது. அது 2018-ல் வந்த தரம். 2015 கார்டு அதோடு தடுமாறலாம். அதனால் டபிள்யூபிஏ2 ஆக்கினான். இணைந்தது.

ஐந்தாவது கேள்வி: இணைந்த பிறகு எதுவரை போகிறது?

"8.8.8.8-க்கு பிங் போடு." பதில் வந்தது. "இப்ப ஏதாவது ஒரு வெப்சைட் பேரைப் போட்டு பிங் பண்ணு." அதுவும் வந்தது. முதலாவது வந்து இரண்டாவது வராமல் போனால், பாதை சரி, பெயரை எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் சரியில்லை என்று அர்த்தம். முதலாவதே வராவிட்டால், ஹாட்ஸ்பாட்டைத் தாண்டி வெளியே போகவில்லை. இந்த இரண்டு வரிச் சோதனை தெரியாமல் "நெட் ஸ்லோ" என்று புலம்புகிறவர்கள் ஏராளம்.

நன்றி சொல்லிவிட்டுப் போனை வைக்கப் போனான். "வைக்காத. அந்த பிங்கை அப்படியே ஓட விடு. டீ குடிச்சிட்டு வா" என்றார் சீனியர். இது அனுபவம் பேசும் பேச்சு. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், நடுநடுவே பதில் வர இரண்டு மூன்று வினாடி ஆகியிருந்தது, சில பதில்கள் வரவே இல்லை. மின்சாரம் மிச்சம் பிடிக்க வைஃபை கார்டு அவ்வப்போது குட்டித் தூக்கம் போடும். எல்லாக் கார்டும் சரியாக எழுந்துகொள்வதில்லை. நெட்வொர்க் மேனேஜரின் அமைப்புக் கோப்பில் வைஃபை பவர்சேவ் என்ற இடத்தில் 3 என்று இருக்கும். அதை 2 ஆக்கினால் தூக்கம் கிடையாது. மாற்றிவிட்டு நெட்வொர்க் மேனேஜரை மறுபடி துவக்கினான். பிங் தாளம் தப்பாமல் ஓட ஆரம்பித்தது.

12.40-க்குப் படுத்தான். டெஸ்ட்டுக்குப் படிக்க வைத்திருந்த நேரம் முழுக்க வைஃபைக்கே போயிருந்தது.

காலையில் போனை ஜன்னல் ஓரமாக வைத்து, சார்ஜரைத் தங்கச்சி ஒரு ரப்பர் பேண்டு போட்டுக் கோணமாகக் கட்டிவிட்டாள். டெஸ்ட் 90 நிமிஷம். ஒரு தடவைகூட அறுபடவில்லை.

தேறினானா? இல்லை. கணக்குப் பகுதியில் கோட்டைவிட்டான். படிக்காததற்குக் கிடைத்த நியாயமான பலன். "லேப்டாப் சரியில்ல, நெட் கட் ஆயிடுச்சு" என்று வீட்டில் சொல்லித் தப்பித்திருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் அப்பா எங்காவது கடன் கேட்டுப் புது லேப்டாப் வாங்கிவிடுவார் என்று அவனுக்குத் தெரியும். "லேப்டாப் நல்லாத்தான் இருக்கு. நான்தான் சரியா எழுதல" என்றான்.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். "என் லேப்டாப் இன்னும் ஓடுதாடா?" என்றாள். ஓடுது என்றான். நீலத் திரை கதையைச் சொன்னான். "சொந்தக்காரர் யாருன்னு கேட்டுச்சா? நீ என்ன சொன்ன?" என்று சிரித்தாள். "உன் பேரைத்தான் சொன்னேன்" என்றான்.

இப்போது அவனுடைய நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. அவன் வகுப்பில் ஏழெட்டுப் பேர் அதைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். உங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே:

1. ரீஇன்ஸ்டால் செய்யாதே. முதலில் கேள்.
2. ஆர்எஃப்கில்: சுவிட்ச் ஆஃபா?
3. எல்எஸ்பிசிஐ அல்லது எல்எஸ்யுஎஸ்பி: கார்டு தெரிகிறதா? எட்டு எழுத்து எண் என்ன? டிரைவர் உட்கார்ந்திருக்கிறதா?
4. கெர்னல் பதிவேடு: ஃபர்ம்வேர் கோப்பு இல்லை என்கிறதா? சாவியை நிராகரித்தேன் என்கிறதா?
5. சாவிப் பிரச்சினை என்றால் நீலத் திரைக்குப் பயப்படாமல் பதில் சொல்.
6. சில பெயர்கள் மட்டும் தெரியவில்லையா? 2.4-ஆ, 5-ஆ என்று பார். டபிள்யூபிஏ3-யா என்றும் பார்.
7. இணைந்தும் நெட் இல்லையா? முதலில் எண்ணுக்கு பிங், பிறகு பெயருக்கு பிங்.
8. விட்டு விட்டு வருகிறதா? பவர்சேவ்.
9. எதற்கும் ஒரு நல்ல யுஎஸ்பி கேபிள் கையில் இருக்கட்டும்.

பத்தாவதாக ஒன்றைப் பின்னால் வேறு பேனாவில் சேர்த்திருக்கிறான்: பரீட்சைக்கு முந்தின நாள் லினக்ஸ் போடாதே.

பின்குறிப்பு: போனின் சார்ஜிங் போர்ட்டை மறு வாரமே மாற்றிவிட்டான். பழுது பார்த்த கடைக்காரர் 10 நிமிஷம்தான் எடுத்துக்கொண்டார்.